கேன்வாஸா, கண்ணாடியா

கேன்வாஸ் துணியில் அச்சடித்த படங்கள் அந்த ஊரில் பேசும். காகிதத்தில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டவை வாயை மட்டும் அசைக்கும், சத்தம் வெளியே வராது. அதனால் படக்கடைக்காரர் அளவு கேட்பதற்கு முன்னால், "பேசணுமா, வேண்டாமா?" என்றுதான் கேட்பார். மாமியார் படங்களுக்குக் கண்ணாடி போட்டுப் போட்டே ஒரு வருடம் ஊரில் கண்ணாடிக்குத் தட்டுப்பாடு வந்தது. நகரசபைத் தலைவர் உயிரோடு இருக்கும்போதே தன்னைக் கேன்வாஸில் பதினொரு பிரதி எடுத்து அலுவலகம் முழுக்க மாட்டினார். ஊழியர்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

பள்ளிக்கூட ஆய்வாளர் இறந்த மறுமாதம் அவர் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. ஆய்வாளர் யாரையும் பேசி முடிக்க விட்டவர் அல்ல. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் மனைவி ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொன்னதில்லை, பாதியிலேயே திருத்திவிடுவார். ஒரே ஒரு விஷயத்தையாவது அவரிடம் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகன் கேன்வாஸ் என்றான்: வெளிச்சம் பட்டுக் கூசாது, எடையும் குறைவு. மருமகள் கண்ணாடி என்றாள்: தூசி துடைக்க வசதி. மூன்று நாள் வெளிச்சத்தையும் தூசியையும் பற்றியே சண்டை போட்டார்கள். விஷயத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை. கடைசியில் படக்கடைக்காரர்தான் ஆய்வாளரின் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"கண்ணாடிதான். ஆனா நான் பேசுறது அவருக்கு..."

"நல்லாவே கேக்கும்மா. சத்தம் வெளிய வராது, அவ்வளவுதான். உள்ள போகும்."

படத்தைக் கூடத்தில் மாட்டினார்கள். தினமும் மத்தியானம் அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினாள். முதல் வாரம் ஆய்வாளர் விரலை ஆட்டி ஆட்டித் திருத்தியதில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தது. அவள் நிறுத்தவில்லை. எட்டாம் நாள், பிறந்த அன்றே போய்விட்ட தலைச்சன் பெண்குழந்தைக்குத் தான் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருப்பதாகச் சொல்லி, அந்தப் பெயரையும் சொன்னாள்.

ஆய்வாளரின் வாய் நின்றது. மெல்லத் தலையைத் திருப்பிக் காதைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். இன்னொரு தரம் சொல் என்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. சொன்னாள், அழுகையும் வந்தது.

அன்றிலிருந்து அந்தப் படத்தில் ஆய்வாளரின் பக்கவாட்டு முகம்தான் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்கிறார்கள்.