பித்தநீரின் மஞ்சள்

1

இந்தக் கதை ஒரு மருத்துவக் குறிப்பிலிருந்து பிறந்தது. பச்சிளங்குழந்தையின் பித்தநாளம் நூல் பருமன்தான் இருக்கும் என்று அதில் போட்டிருந்தது. (அதற்குமேல் அன்றைக்குப் படிக்கவில்லை.)

"வைரஸ் ஒன்று கல்லீரலுக்குள் நுழைந்து" என்று தொடங்கி, அடித்துவிட்டேன். வைரஸை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் ஓட்டுவது? ஓர் அப்பாவைத் தேடினேன். அகப்பட்டவர் பெயிண்டர்.

2

பெயிண்டருக்குக் கண்தான் முதல். வெள்ளையிலேயே பதினெட்டு வகை பிரிப்பார். "பல்பு வெளிச்சத்துல நிறம் பார்க்காதீங்க, ஏமாந்துருவீங்க" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிகிறவர். அப்படிப்பட்டவர் தன் மகளின் டயப்பரை, அவள் பிறந்ததிலிருந்து ஏழு வாரமும் ஜன்னலில்லாத அறையில், மஞ்சள் பல்புக்கடியில்தான் பார்த்தார். குழந்தையின் கண் மஞ்சளித்திருந்தது. மலமும் இளமஞ்சளாகத் தெரிந்தது.

"எல்லாம் சரியாயிடும்" என்றார் மனைவியிடம்.

குழந்தை பிறந்த ஐம்பத்தைந்தாம் நாள் பல்பு பியூஸ் போனது. மனைவி டயப்பரோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, இது ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

சுவருக்குப் பூசும் பட்டியின் வெள்ளை. பெயிண்டர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

(இந்த மனிதரை இவ்வளவு அசட்டையானவராக எழுதலாமா என்று தயங்கினேன். எழுதலாம். என் மேஜையிலும் அதே பல்புதான் எரிகிறது.)

3

"மலத்துக்கு மஞ்சள் குடுக்கறதே கல்லீரல்ல சுரக்கற பித்தநீர்தான்" என்றார் டாக்டரம்மா. "பாப்பாவுக்கு அது வர்ற குழாய் அடைபட்டிருக்கு. ஏதோ வைரஸ் வந்து போயிருக்கலாம்னு சந்தேகப்படறாங்க, உறுதியாத் தெரியாது. வைரஸ் போன பிறகும் உடம்பு சண்டையை நிறுத்தாம தன் குழாயையே புண்ணாக்கிடுதாம்."

"அப்போ உள்ளயும் ஒரு பெயிண்டர் இருக்காருங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் பிரமித்துப்போய்த்தான் கேட்டார். காலமெல்லாம் ஊரார் சுவருக்கு மஞ்சள் கலந்தவருக்கு, உள்ளங்கையளவு வயிற்றுக்குள் ராப்பகலாக ஒரு மஞ்சள் சுரப்பது தெரியாது. எனக்கும் தெரியாது.

"ரெண்டு மாசம் தாண்டறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். குடலை மேல இழுத்துக் கல்லீரலோட தைப்போம். பித்தநீர் இறங்கினா மலம் நிறம் மாறும். இறங்கலைன்னா கல்லீரல் கெட்டுப்போயிடும்."

4

ஐம்பத்தெட்டாம் நாள் ஆபரேஷன். அந்த ஐந்து மணி நேரத்தை எழுத முயன்றேன்: "பெயிண்டர் நடைபாதையில்...", "மனைவியின் கை...", "கதவு திறந்தபோது..."

கை ஓடவில்லை. அவ்வளவு சின்ன வயிற்றுக்குள் ஒருவர் ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டிருக்கும்போது நான் என்னத்தை எழுதுவது?

5

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் காலை. இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மலம் பச்சை கலந்த மஞ்சள். தாய் சந்தோஷத்தில் கதறி அழுதாள். இன்னொன்றில் வெள்ளை. அதைக் கிழித்துப் போட்டேன். முதலாவதை வைத்துக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. சில குழந்தைகளுக்குப் பித்தநீர் இறங்குகிறது, சில குழந்தைகளுக்கு இறங்குவதில்லை. அது என் பேனாவின் பேச்சைக் கேட்காது.

மனைவி டயப்பரின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிறாள். பெயிண்டர் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்.

"நீயே பார்த்துச் சொல்லும்மா. என்ன நிறம்?"

அவளும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிரித்த டயப்பரை உங்களிடம் நீட்டுகிறாள்.