கூப்லுவின் அப்பாவுக்கு நாலு வயது

என் மகள் பேர் உலாயுக். அவள் பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு செத்துப்போன என் மாமனாரின் பேர் அது. பேரை வைத்தால் ஆளே திரும்பி வந்துவிட்டதாகத்தான் எங்கள் பனிநாட்டுச் சனத்தில் கணக்கு. அதனால் என் புருஷன் கூப்லு அவளை அப்பா என்பான், நான் மாமா என்பேன். அதட்டக் கூடாது, கேட்டதை மறுக்கக் கூடாது. அந்த மனுஷன் உயிரோடிருந்தபோது நான் பட்டது போதாதா?

அன்று உறைந்த கடல் மேல் நாய்வண்டியில் இடம் மாறிக்கொண்டிருந்தோம். பனி இளகத் தொடங்கியிருந்த காலம். கரை சேரும்வரை யாரும் இறங்கக் கூடாது.

"நான் நடக்கணும்டா," என்றாள் உலாயுக்.

"சரிப்பா," என்று நாய்களை நிறுத்தினான் கூப்லு.

"பனி இருக்கிற லட்சணத்துல இது தேவையா?" என்றேன்.

"அப்பா கேட்டா நான் என்னடி பண்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்தபடி நடந்தேன். வண்டி கொஞ்சம் முன்னால் போயிருக்கும், படீரென்று பனி பிளந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் கறுப்புத் தண்ணீர். ஒரு கூடார அகலப் பனித்துண்டில் நாங்கள் இருவரும் மிதந்தோம்.

கூப்லு ஓடி வந்தான். அதற்குள் இடைவெளி மூன்று ஆள் நீளம் ஆகிவிட்டது. தாண்டுவதற்காகப் பின்னால் நகர்ந்தான்.

"குதிக்காதய்யா! மூணு பேரும் போயிடுவோம்!"

என் பேச்சை அவன் என்றைக்குக் கேட்டான்? குனிந்து மகளின் காதில் சொன்னேன். "மாமா, உங்க மகன நிக்கச் சொல்லுங்க."

"டேய் கூப்லு, நில்லுடா!" என்று கத்தினாள். "கயிறு எங்கடா?"

அவன் அப்படியே நின்றான். பிறகு வண்டிக்கு ஓடி, கடல்நாய் குத்தும் ஈட்டியை அதன் தோல்வாரோடு எடுத்து எறிந்தான். முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. அடுத்தது எட்டியது. வாரை ஒரு பனிமேட்டில் சுற்றி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மறுமுனையை நாய்களோடு பூட்டி அவன் விரட்ட, எங்கள் துண்டு மெல்ல நகர்ந்தது. ஓரெட்டு தூரம் வந்ததும் குழந்தையைத் தூக்கி அவனிடம் வீசினேன். நான் தாவியபோது ஒரு கால் முழங்கால்வரை தண்ணீரில் போயிற்று.

கூப்லு என் காலணியை உருவி, பாதத்தைத் தன் வெறும் வயிற்றில் வைத்துச் சூடேற்றினான்.

"எனக்குக் கயிறு ஞாபகமே வரலடி. நீதானே சொல்லிக்குடுத்த?"

"நில்லுன்னு மட்டுந்தான் சொல்லச் சொன்னேன்."

அவன் வாய்விட்டு அழுதான். நான் ஒற்றைக் காலில் நொண்டிப் போய் வண்டியிலிருந்த குழந்தை முன் மண்டியிட்டேன். அந்த மனுஷனிடம் ஒருநாளும் அன்பாகப் பேசாதவள் நான்.

"மாமா, கரை வர்றவரைக்கும் எறங்கணும்னு மட்டும் கேக்காதீங்க," என்று கெஞ்சினேன். "இவன் மாட்டேன்னு சொல்ல மாட்டான்."