பழைய சர்வரில் ஒருவர்

மருத்துவமனையின் முன்பதிவு இணையதளத்தை ஒரு நொடிகூட மூடாமல் புதுப்பிக்க வேண்டும் என்பது அன்றைய வேலை. புதிதாக வருபவர்களை எல்லாம் புதிய சர்வருக்கு அனுப்பியாயிற்று. பழையதில் இருப்பவர்கள் முடித்துக்கொண்டு போனதும் அதை அணைக்க வேண்டும். அணைக்கிற வேலை அவளுடையது.

பழையதில் இன்னும் ஒரே ஒருவர் இருந்தார். பதிவின் நடுவில், ஆமை வேகத்தில்.

"யாரோ பக்கத்தைத் தொறந்து வெச்சிட்டுத் தூங்கிட்டாங்க. வெட்டி விடும்மா," என்றார் டீம் லீடர். எதையும் ஆற அமரச் செய்து பழக்கமில்லாத மனிதர். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் சட்டுப்புட்டு.

"தூங்கல சார். இப்பதான் இன்னொரு கட்டம் நிரம்புச்சு, பாருங்க."

"ஒரு ஆளுக்காக மத்த வேலையெல்லாம் நிக்கணுமா?"

போன முறையும் இதையேதான் சொன்னார். அவளும் மறுபேச்சில்லாமல் அணைத்தாள். வீட்டுக்குப் போனால் மாமியார் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். மூட்டுவலி டாக்டருக்குத் தானே பதிவு செய்கிறேன் என்று ஒற்றை விரலால் தட்டி, முக்கால்வாசி ஏறிய நேரத்தில் எல்லாம் மாயமாகிவிட்டதாம். "கை பட்டு என்னத்தையோ கெடுத்துட்டேன். எனக்கு இதெல்லாம் வராதும்மா." அதற்குப் பிறகு லேப்டாப் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு, மகனுக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று காத்திருந்தார். கெடுத்தது யார் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்த புண்ணியவதி மருமகள்தான்.

"வெட்ட மாட்டேன் சார். அவங்க முடிக்கட்டும்."

சட்டுப்புட்டு பெருமூச்சு விட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கட்டம் நிரம்பியது. பிறகு இன்னொன்று. கடைசியில், பழையதில் எத்தனை பேர் மிச்சம் என்று திரையில் காட்டிய ஒன்று பூஜ்யமானது. யாரென்றே தெரியாத அந்த ஆளை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. பழையதை அணைத்தாள், வெளியே ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை.

ஒருவேளை அது மாமியாராக இருக்குமோ? நப்பாசையோடு போன் செய்தாள்.

"அத்தை, டாக்டருக்குப் பதிவு பண்ணிட்டீங்களா?"

"நானா? நான் எங்கம்மா அதைத் தொட்டேன்? மறுபடியும் எதையாவது ஒடைக்கவா?"

"நீங்க எதையும் ஒடைக்கல அத்தை. அன்னிக்கு நீங்க எழுதிட்டு இருக்கும்போதே அணைச்சது நான்தான்."

திட்டு விழும் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் பண்ணினேனா?"

"ஒழுங்காத்தான் பண்ணினீங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சரி, போனை வை. நான் முடிச்சேன்னு சொல்ற வரைக்கும் நீ எதையும் தொடாதே."