மூய் கீ வீட்டுப் பித்தளைத் தகடு

குவா டீச்சர் கையிலிருந்த காகிதம் மூய் கீயைத் தெருவில் நிறுத்திவிடும். அதை வாசிக்கவேண்டியவரும் டீச்சர்தான். அப்படி வாசித்தே ஆகவேண்டும் என்று பாழாய்ப்போன சட்டம் போட்டவரும் அவரேதான்!

ஜார்ஜ் டவுனில் அவருடைய வரலாற்றுச் சங்கம் பிறந்தது ஒரு காப்பிக்கடையில், கிணறு ஒன்றின் வயதைப் பற்றி நாலு பேர் போட்ட சண்டையில். இன்றைக்கு அதில் சேர ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள். பழைய வீடுகளின் கதையைத் தேடி எழுதி, பித்தளைத் தகட்டில் பொறித்து, வாசலில் பதிப்பார்கள். அதற்கு முன் அந்த வீட்டு ஐந்தடி நடைபாதையில் நின்று ஊர் கேட்க வாசிக்கவேண்டும். தெருவில் போகிற எவரும் ‘இது தப்பு, அது விட்டுப்போச்சு’ என்று சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தகடு பதித்தால் வீட்டின் விலை எகிறும் என்று யார் கண்டது? மூய் கீயின் தெருவிலேயே தகடு பதித்த வீடுகளில் குடியிருந்தவர்கள் மூட்டை கட்ட, ஹோட்டல்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். டீச்சருக்கு அந்தப் பக்கம் நடக்கவே கூசியது.

இப்போது மூய் கீயின் முறை. குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்தால் சொந்தபந்தத்துக்குக் கொடுக்கிற சிவப்பு ஆங் கூ பலகாரத்தில் அவள் கைக்கு ஈடே கிடையாது. இருந்தது வாடகை வீடு. தகடு பதிந்ததும் அதை ‘டத்தோ’ பட்டம் பெற்ற ஹோட்டல் முதலாளி சியாவுக்கு விற்பதாக வீட்டுக்காரர் பேசி முடித்துவிட்டார்.

அந்த விற்பனையைக் கெடுக்க ஒரு விஷயம் இருந்தது. டீச்சருக்கு அது தெரியும். ஆனால் சங்கம் தொடங்கிய புதிதில் அதைச் சொன்ன மூய் கீயே, வெளியில் விடக்கூடாது என்று கோயிலில் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

“வாசிக்கத்தான் போறீங்களா டீச்சர்?” வாசிக்கவேண்டிய நாள் காலையில் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

“நீ ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. எல்லாத்தையும் போட்டு உடைச்சிடறேன்.”

“உடைச்சா அப்புறம் எவ தன் புள்ளைக்கு என்கிட்ட பலகாரம் வாங்குவா? வீடு போனா தெருவுல நிப்பேன். பேரு போனா எங்க நிப்பேன்?”

டீச்சருக்கு அழுகைதான் வந்தது.

கூட்டம் நடைபாதை கொள்ளாமல் சாலையில் நின்றது. டத்தோ சியா அதற்குள் சொந்த வீடு மாதிரி கூடத்துக்கே போய் நின்றுகொண்டார். கூட்டத்தின் கடைசியில், யாருக்கும் தெரியாத ஒரு கிழவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். டீச்சர் வாசித்தார்: ஈய வியாபாரி கட்டிய வீடு, பிறகு துணிக்கடை, பிறகு பலகாரக்கடை.

“யாராவது ஏதாவது சொல்லணுமா?”

மற்ற நாளென்றால் ஆளாளுக்குக் கத்துவார்கள். அன்றைக்கென்று எல்லார் வாயிலும் கொழுக்கட்டை!

“அப்புறமென்ன டீச்சர்? ஆணியை அடிக்கச் சொல்லுங்க, நல்ல நேரம் போகுது” என்றார் டத்தோ.

டீச்சருக்கு அந்த விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டு காகிதத்தை மடித்தார்.

“விட்டுப்போச்சு!”

மூய் கீதான். கையெல்லாம் சிவப்பு மாவு.

“துணிக்கடைக்கு முன்னாடி இது சவப்பெட்டிக் கடை. என் மாமனார் வாடகைக்கு எடுத்து நடத்தினது. யுத்தத்துல ஜப்பான்காரன் சுட்டுப் போட்டவங்களைத் தொடவே ஊர் பயந்துச்சு. அவருதான் வண்டியில அள்ளிட்டு வந்து, இந்தக் கூடத்துல கிடத்தி, குளிப்பாட்டி, பெட்டியில வச்சாரு. பலகை தீர்ந்ததும் மாடிப்படியையே பிரிச்சாரு. இப்ப இருக்கிறது அப்புறம் போட்ட படி.”

“இந்தக் கூடத்துலயா?” என்றார் டத்தோ.

“நீங்க நிக்கிற இடத்துலதான்.”

மனிதர் ஒரே தாவலில் வாசலுக்கு வந்துவிட்டார். “செத்தவங்க படுத்த இடத்துல எவன் காசு குடுத்துப் படுப்பான்? ஆளை விடுங்கப்பா!” அவருடைய கார் கிளம்ப, வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். கூட்டம் சிரித்தது. மூய் கீ சிரிக்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்தே தொலைபேசி அடித்தது. பலகாரம் சொல்லிவைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேண்டாம் என்றார்கள். டீச்சர் வந்து உட்கார்ந்து, பிடிவாதமாக ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார்.

“நீங்க ஒருத்தரே தின்னு என் கடையை ஓட்டிடுவீங்களா?” என்று மூய் கீ அலுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தச் சைக்கிள் கிழவர் வாசலுக்கு வந்தார். உள்ளே வராமல் கூடத்துத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஜப்பான்காரன் எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போனப்ப நான் சின்னப் புள்ளை. உடம்பு கிடைக்கவே இல்ல. அவரை யாராவது குளிப்பாட்டியிருப்பாங்களான்னு அம்மா சாகிறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா.” கூடத்துத் தரையைக் காட்டினார். “இங்கதான்னு வச்சுக்கறேனே, தங்கச்சி. தப்பில்லையே?”

தப்பில்லை என்று மூய் கீ தலையாட்டினாள்.

“சிவப்பு வேணாம். செத்தவங்களுக்குப் படைக்கிறது, கறுப்பு. அது செய்வீங்களா?”

இந்த வீட்டில் கறுப்பு மாவைத் தொடுவதில்லை என்று இத்தனை காலம் வைராக்கியமாக இருந்தவள் அவள். குழாயடிக்குப் போய், கையிலிருந்த சிவப்பு போகும்வரை தேய்த்துக் கழுவினாள்.

“உள்ள வந்து உக்காருங்கண்ணே. கொஞ்சம் நேரமாகும்.”

டீச்சர் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.