பிறேம் வீட்டு நிலவறைச் சேர்வர்

ஜெசிதாவின் கையில் எந்த மெஷினும் கனநேரம் படுத்துக் கிடந்ததில்லை. கடைசியில் அதுவே அவளுக்கு வினையாய் வந்து சேர்ந்தது.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், பெற்றோர் விட்டுப்போன வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றின் சேர்வர்க் கணினிகளைப் பராமரிப்பது அவளுடைய தொழில். வீட்டில் அவள் ஒருத்திதான். காலையில் மீன்காரரோடு இரண்டு வார்த்தை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலில் நாலு வார்த்தை. மிச்ச நேரமெல்லாம் அவளோடு பேசியவை மெஷின்கள்தான். அவையும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் சாதி.

கொம்பனிச் சேர்வர்களுக்கு ஒரு பக்கவழி உண்டு. மெஷின் எழும்பாமல் கிடந்தாலும் அந்த வழியால் அதன் திரையை யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே பார்த்துச் சரிசெய்துவிடலாம். அவளுடைய தேவாலயச் சபையின் சேர்வருக்கு அந்த வசதி இல்லை. அது ஒஸ்லோவில், தம்பி பிறேமின் வீட்டு நிலவறையில், குளிர்கால உடுப்புப் பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. வெளிநாடுகளுக்குச் சிதறிப்போன சபையார் ஞாயிறு ஆராதனையைப் பார்ப்பது அதன் வழியாகத்தான். இங்கே கரண்டும் லைனும் வந்து வந்து போன காலத்தில் அங்கே வைத்தது, அங்கேயே தங்கிவிட்டது.

பழைய மெஷின் அடிக்கடி நின்றுவிடும். அப்போதெல்லாம் ஜெசிதா தம்பிக்குப் போன் எடுப்பாள். அவன் புறுபுறுத்துக்கொண்டு கீழே இறங்கிப்போய் பொத்தானை அழுத்துவான். அது எழும்பும் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். சின்ன வயதில் களவாய்ப் பிடுங்கிய மாங்காய், மனைவி தனுஷா இல்லாத நாளில் அவன் சமைத்துக் கெடுத்த கறி, மகள் றோஸ் பள்ளிக்கூடத்தில் போட்ட சண்டை எல்லாம் வரும். பிறகு கெட்டிக்காரி ஜெசிதா நல்ல புது மெஷின் ஒன்றை வாங்குவித்து, எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்தாள். அது நிற்கவேயில்லை. பேச்சுத்தான் நின்றது.

சும்மா எடுத்துப் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்துப் பார்த்தவள்தான். "என்ன அக்கா, ஏதும் பிரச்சினையோ?" என்பான். இல்லை என்றால், "சரி, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவான். அவனுடைய அந்தப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு படம், பிறந்தநாளுக்கு ஒரு கட்டைவிரல் குறி. கூடப்பிறந்தவனிடம் நேரம் கேட்டு நிற்க அவளுக்கு ரோசமாய் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் சபைச் சேர்வரின் ஒப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. தூரத்து மெஷினில், பக்கவழியும் இல்லாமல் அதைச் செய்வது, நிற்கிற கொப்பில் இருந்துகொண்டே மரத்தை மாற்றி நடுவது போன்ற வேலை. ஜெசிதா எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாள். புதிய சிஸ்டம் இறங்கியது. ஒரேயொரு கண்டம் மிச்சம் இருந்தது: நெட்வேர்க் கார்டுக்குப் புதிய சிஸ்டம் வேறு பெயர் வைக்கும். அமைப்புக் கோப்பிலும் அந்தப் பெயரை மாற்றாமல் ரீஸ்டார்ட் செய்தால் மெஷின் எழும்பும், உயிரோடு இருக்கும், ஆனால் வெளியே ஒருவரோடும் பேசாது. யாராவது நேரே போய் அதன் முன்னால் இருந்து மாற்றவேண்டும்.

அவள் புதிய பெயரை எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அழித்து, பழைய பெயரையே திரும்ப எழுதி, ரீஸ்டார்ட் கொடுத்தாள்.

வெட்கமாய்த்தான் இருந்தது. ஆனால் தம்பியின் நம்பரை அழுத்தும்போது நெஞ்சு துள்ளியதையும் மறைப்பதற்கில்லை.

"தம்பி, சேர்வர் நிண்டிட்டுது. ஒருக்காக் கீழை இறங்கிப் பாக்கிறியே?"

மறுமுனையில் எங்கோ ஒரு கதவு சாத்துப்பட்டது.

"அக்கா, நான் இப்ப அந்த வீட்டிலை இல்லை."

"வெளியிலை நிக்கிறியோ? வந்தாப் பிறகு பார், அவசரமில்லை."

"இல்லை அக்கா. வேறை இடத்திலை அறை எடுத்து இருக்கிறன். தனுஷாவும் பிள்ளையும்தான் அங்கை."

ஜெசிதாவுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "எப்ப தொடக்கம்?"

"போன வருசம் ஆடி."

"நத்தாருக்கு மூண்டு பேரும் நிக்கிற படம் அனுப்பினாயே."

"அது முந்தின வருசத்துப் படம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அங்கை தனிய இருக்கிறியள். உங்களுக்கு இதையும் ஏன் தருவான் எண்டு விட்டிட்டன்."

அவளுக்குச் சேர்வர் என்ன, எக்கேடாவது கெடட்டும் என்று இருந்தது. "சரி, நீ விடு. நான் வேறை வழி பாக்கிறன்" என்றாள்.

"வேறை வழி ஏது? நாளைக்கு ஆராதனை எல்லோ. எங்கடை சபைச் சிமியோன் மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்தெண்டாலும் பாக்கிறவர். நான் தனுஷாவைக் கேக்கிறன். உள்ளை விடுவா."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அதை நான்தான் நிப்பாட்டினனான், நீ போகவேண்டாம்' என்று ஒரு வசனம். வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. தன்னோடு அரைமணி நேரம் பேசட்டும் என்று தொடங்கிய கூத்து, விட்டுவந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்கும்படி அவனை ஆக்கிவிட்டது. அவன் போய்ச்சேரும் வரை ஜெசிதா தேத்தண்ணிகூட வைக்கவில்லை. தன்னைத்தானே திட்டிக்கொண்டு மேசைமுன் கதிரையில் இருந்தாள்.

அவன் திரும்ப எடுத்தபோது அழைப்புமணிச் சத்தம் கேட்டது. முன்பு தன் திறப்பால் பூட்டைத் திறந்து போன வீட்டில் இப்போது மணி அடிக்கிறான்.

"சேர்வர் நிண்டிட்டுதாம். அக்கா எடுத்தவா" என்றான், இன்னொருவருக்கு.

கொஞ்சம் பொறுத்துத் தனுஷாவின் குரல், விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி: "ஓம், வாங்கோ. லைற் போடுற ஆளி மாத்தினது, இப்ப இடப்பக்கம் இருக்கு."

படிகளில் இறங்கும் சத்தம். பெட்டிகள் நகர்ந்தன. மொனிற்றரைக் கொழுவினான். ஜெசிதா கடவுச்சொல்லைச் சொன்னாள். கோப்பைத் திறக்கச் சொன்னாள். அப்போது சின்னக் கால்கள் படியில் இறங்கின.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"ஜெசிதா மாமி சொல்லுறா, நான் எழுதிறன். நீ திரையிலை இருக்கிறதை வாசிச்சுச் சொல்லு, எனக்குக் கண்ணாடி இல்லை."

கண்ணாடி இல்லாமல் அவன் எங்கும் போவதில்லை. ஜெசிதாவுக்கு அது தெரியும், சொல்லவில்லை.

றோஸ் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். ஜெசிதா சொல்ல, பிறேம் எழுத, பிழைவிட்ட இடத்தில் பிள்ளை சிரித்தது. மாற்றவேண்டியது ஒரு பெயர்தான். ஜெசிதா அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தாள். தேவையில்லாத கோப்புகளைத் திறப்பித்தாள். தேவையில்லாத வரிகளை வாசிப்பித்தாள். "இன்னொருக்கா முதலிலை இருந்து வாசி, பிள்ளை" என்றாள். மேலேயிருந்து, "தேத்தண்ணி ஆறுது, கீழை கொண்டுவரட்டோ?" என்று தனுஷா கேட்டாள். "ஓம்" என்ற தம்பியின் குரல் உடைந்திருந்தது. கொழும்புத்துறையில் ஜெசிதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சுச் சத்தம் கேட்காமல் அழுதாள். அவனுக்காகவும் அழுதாள், தனக்காகவும் அழுதாள். இவ்வளவு பாடுபட்டும் தம்பி தன்னோடு ஒரு கதையும் கதைக்கவில்லை என்ற சின்னப்புத்தியும் அதில் கலந்துதான் இருந்தது.

இனியும் இழுக்க முடியாது என்றானபோது சரியான பெயரைச் சொன்னாள். மெஷின் மறுபடி எழும்பியது. அவளுடைய திரையில் பதில்கள் வரி வரியாய் இறங்கத் தொடங்கின.

"வந்திட்டுது" என்றாள்.

"சரி அக்கா" என்று வைத்துவிட்டான்.

வீதிக்கு வந்தபிறகு திரும்ப எடுத்தான். காலடியில் பனி நொறுங்கும் சத்தம்.

"அக்கா."

"சொல்லு."

"உந்தச் சேர்வர் இனியும் நிக்குமோ?"

ஜெசிதா திரையைப் பார்த்தாள். பதில்கள் ஒன்றும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. இனிப் பத்து வருடத்துக்கு அதற்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட வராது.

"நிக்கும்" என்றாள். "அடுத்த சனிக்கிழமையும் நிக்கும் போலைதான் கிடக்கு."

"ஓமோ. அப்ப தனுஷாட்டை இப்பவே சொல்லிவைக்கிறன். பஸ் வருது அக்கா, வைக்கிறன்."