ஏவுகணைக்குப் பிரிவுபசாரம்

நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் அந்த ஏவுகணைக்குப் பணி ஓய்வு கொடுத்தார்கள். மாலை, பொன்னாடை, அமைச்சரின் நீண்ட உரை என்று ஒரு குறையும் இல்லை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கோதண்டராமன், அணு ஆயுதக் கப்பல்களை அண்டவிடாத நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ் பகுதியில் உள்ள மகள் வைஷாலியின் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அதைப் போனில் பார்த்தார். அவர் ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

இனி ரகசியம் எதற்கு என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"பாக்யம், இது நான் செஞ்சது."

"பம்ப் டிசைன்னு சொன்னீங்களே?"

"அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

"வைஷாலி பொறந்தன்னைக்கு வராததும் இதுக்காகவா?"

"ஆமா. அன்னைக்குத்தான் முதல் தடவை விட்டோம்."

திட்டு விழும் என்று காத்திருந்தார்.

"கடல்லேருந்து வெளியே வந்தப்ப எப்படிங்க இருந்துச்சு?" என்றாள் பாக்யலட்சுமி.

யாராவது கேட்கமாட்டார்களா என்று அவர் இத்தனை வருடம் ஏங்கிய கேள்வி.

"பாக்கலை. ஜன்னலில்லாத ரூம்ல இருந்தேன். திரையில ஒரு கோடு ஏறுச்சு, கைதட்டினோம்."

"நல்லா இருக்கு! பொண்ணையும் பாக்கலை, இதையும் பாக்கலை."

அவள் போனை வாங்கி, அமைச்சரைத் தள்ளிவிட்டு, முதல் சோதனையின் படத்துக்கு வந்தாள். அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். கடல் வெள்ளையாகப் பிளந்து ஏவுகணை எழும்பியது.

"இன்னொரு தடவை போடு," என்றார்.