துப்பிவிடுகிறவர்

டின்னில் அடைத்து விற்கும் கறியை ருசி பார்ப்பதுதான் அவள் புருஷனுக்கு உத்தியோகம். வெள்ளை ஓடு பதித்த அறையில் நின்றுகொண்டு, ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து மெல்லுவார். உப்பு எப்படி, வேக்காடு எப்படி என்று சொல்லிவிட்டு வாளியில் துப்பிவிடுவார். முழுங்குவதில்லை. முழுங்காததால் அவர் சுத்த சைவம். இந்தச் சட்டத்தை அவரே எழுதி, அவரே கையெழுத்தும் போட்டுக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி மூன்று தடவை வாய் கொப்பளிப்பார். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டுவது அவள் வேலை.

அதோடு விட்டிருந்தால் தொலைகிறது என்று இருந்திருக்கலாம். மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காத வீட்டில் பிறந்தவள் அவள். கல்யாணமான முதல் மாதம், அவள் அப்பா ஆசை ஆசையாய்த் தூக்குச்சட்டியில் கறி கொண்டுவந்தார். இவர் வாசலிலேயே மறித்துக்கொண்டு, "மாமா, நீங்க வாங்க. அது உள்ள வரக்கூடாது" என்றார். அப்பா சட்டியோடு திரும்பிப் போனவர்தான், சாகிறவரை அந்தப் படியை மிதிக்கவில்லை. அவளும் கறியை விட்டாள். இருபத்திரண்டு வருஷம். கொள்கையுள்ள மனுஷன், அவருக்குத் துணையாக இருப்போம் என்று நம்பித் தொலைத்தாள்.

இப்போது மகள் ஒரு பையனை விரும்பினாள். பையனின் அப்பா கறிக்கடை வைத்திருக்கிறார். "வெட்டுற குடும்பத்துக்கு என் பொண்ணக் குடுக்கமாட்டேன்" என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். பெண் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். நேரில் பேசிப் பார்க்கலாம் என்று கறிக்கடைக்காரரே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார்.

வந்தவர் நேராகக் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. "உங்க கம்பெனிக்கு நானும் ஆட்டுக்கறி அனுப்புறேன் சார். போன மாசம் ஒரு லோடு திரும்பி வந்துச்சு. கிழட்டு ஆடுன்னு கண்டுபிடிச்சது நீங்கதானாம். எனக்கே தெரியல சார்."

புகழ்ந்தால் போதும், இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? நாக்குல வச்சா நல்லாத்தான் இருக்கும். மென்னாலும் தெரியாது. முழுங்கணும். தொண்டையில இறங்கினப்புறம்தான் லேசா ஒரு கசப்பு வரும். ரெண்டு மூணு துண்டாவது உள்ள போனாத்தான் பிடிபடும்."

என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. காபித் தட்டோடு நின்றிருந்த அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"தினமும் முழுங்குவீங்களா?"

அப்போதுதான் அவர் முகம் செத்தது. "அது வந்து... வேலைக்காக..." என்று இழுத்தார்.

"எத்தன வருஷமா?"

அவர் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அவளுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. போயும் போயும் இந்த ஆளுக்காகவா பெற்ற அப்பாவை வாசலோடு அனுப்பினோம் என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. உள்ளறை வாசலில் நின்ற மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கறிக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பொண்ணக் குடுக்க எனக்குச் சம்மதம். அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றோம். நீங்க சாப்பிடுறதையே எங்களுக்கும் போடுங்க."

கறிக்கடைக்காரர் சங்கடத்தோடு இவரைப் பார்த்தார். "சாருக்கு?"

"அவருக்கும் அதையே போடுங்க" என்றாள். "முழுங்குவாரு."